முன் டயரின் ரம்பப் பல்

சத்தத்தை முதலில் கவனித்தது என் மகள்தான். பின்னால் உட்கார்ந்து வருகிறவளுக்குச் சாலையைப் பார்க்கும் வேலை இல்லை, காது முழுக்கத் திறந்திருக்கும். சிக்னலுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். தோளைத் தட்டி, "அம்மா, முன்னாடி ஊம்னு ஏதோ சத்தம் வருது. வேகம் குறையக் குறைய அதுவும் இறங்குது" என்றாள்.

எனக்கு வீல் பேரிங் மேல்தான் சந்தேகம் வந்தது. அடுத்த நாள் ஆளில்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் கிளட்சைப் பிடித்து, என்ஜினை ஐடிலில் விட்டுப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் என்ஜின் இல்லை. வண்டி 40-க்கு வரும்போது ஹேண்டில்பாரில் மெல்லிய நடுக்கம் சேர்ந்துகொண்டது. முன் பிரேக்கை லேசாகத் தொட்டால் நடுக்கம் கூடியது.

வீட்டுக்கு வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு முன் டயரைத் தடவினேன். ஒரு திசையில் தடவினால் ஒன்றுமே தெரியவில்லை, வழவழவென்று போனது. எதிர்த் திசையில் தடவினேன். டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் விரல் நுனி தட்டித் தட்டி நின்றது, ரம்பத்தின் பற்களைத் தடவுவது போல. டிரெட், அதாவது டயரின் மேல் இருக்கும் பள்ளங்களின் ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரே கட்டையின் ஒரு முனையில் 3.4 மி.மீ., மறுமுனையில் 2.1 மி.மீ. காட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல டயர். கையை வைத்தால்தான் வண்டவாளம் தெரிகிறது.

அந்த டயர் 4,200 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தது. அதற்கு முன்னால் இருந்ததும் இதே மாதிரி மேடு பள்ளமாகத் தேய்ந்துதான் போனது. அது 13,000 கி.மீ. ஓடியிருந்ததால், வயதாகிவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் போட்டேன். கழற்றிய டயரை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. புதியது மாட்டி முடிந்ததும் பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அன்று அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டாவது டயர் பிழைத்திருக்கும்.

வண்டியை எப்போதும் பார்க்கும் மெக்கானிக் தம்பியிடம் கொண்டு போனேன். அவர் டயரைத் தொடவே இல்லை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, "அக்கா, ஃபோர்க்கோட அடிப்பக்கம் ரெண்டு கையாலயும் பிடிங்க. முன்னாடி இழுங்க, பின்னாடி தள்ளுங்க" என்றார். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் குழாய்கள்தான் ஃபோர்க். இழுத்தேன். எங்கேயோ உள்ளே 'டக்' என்று ஒரு சின்ன அசைவு. காதில் கேட்டதைவிடக் கையில்தான் நன்றாக உணர முடிந்தது. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங், தளர்ந்திருந்தது. அப்புறம் ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பச் சொன்னார். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து உட்கார்வது போல் நின்றது. நேராகவே ஓடி ஓடி, பேரிங் குண்டுகள் அந்த இடத்திலேயே அதன் பாதையில் குழி போட்டிருந்தன.

"இது டயரோட குத்தம் இல்ல அக்கா. இதை விட்டுட்டு எந்த டயர் போட்டாலும் மூணு மாசத்துல இப்படித்தான் வந்து நிப்பீங்க."

அடுத்தது காற்று. எனக்கு அதில் முழு நம்பிக்கை இருந்தது. வாரம் தவறாமல் பிடிக்கிறேன், கையேட்டில் சொன்னபடி முன்னால் 29, பின்னால் 32 பி.எஸ்.ஐ. அவர் தன் மீட்டரை வைத்தார். முன்னால் 23. பஞ்சர் இருக்குமோ என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. கடைசியில் வெவ்வேறு மீட்டர் மூன்றை வைத்து ஒரே சக்கரத்தை அளந்தோம். மூன்றும் அரை பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின. நான் வழக்கமாகக் காற்றுப் பிடிக்கும் இடத்து மீட்டர்தான் 6 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்? நான் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன், ஒழுங்காகக் குறைவான காற்றில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. பின்னால் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு அந்தக் காற்றில்தானே மழையிலும் போயிருக்கிறேன்.

முன் டயர் ஏன் இப்படி ரம்பமாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்தில் இறங்குகிறது. தரையைத் தொடும் ஒவ்வொரு ரப்பர் கட்டையையும் சாலை பின்னோக்கி இழுக்க, கட்டை வளைகிறது. சக்கரம் உருண்டு அந்தக் கட்டை தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் வளைவு விடுபட்டு, சறுக்கிக்கொண்டே நிமிர்கிறது. அந்தச் சின்னச் சறுக்கலில்தான் ஒரு முனை மட்டும் கூடுதலாகத் தேய்கிறது. எந்த முன் டயரிலும் இது ஓரளவு நடக்கத்தான் செய்யும். காற்று குறைவாக இருந்தால் டயரின் உடலே அதிகம் நெளிகிறது, கட்டையும் அதிகம் நெளிகிறது. கோன் செட் ஆடினால் பிரேக் பிடிக்கும் போதெல்லாம் ஃபோர்க் முன்னும் பின்னுமாக நடுங்குகிறது. ஃபோர்க் ஆயில் பழசாகிப் போயிருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் அடங்காமல் குதித்துக்கொண்டே போகிறது, குதித்து விழும் இடமெல்லாம் தேய்கிறது. சக்கரம் பேலன்ஸ் ஆகாமல் இருந்தாலும் இதே கதை. ஒருமுறை மேடு பள்ளம் விழுந்துவிட்டால், அந்த மேடு பள்ளமே சக்கரத்தைத் துள்ள வைக்கும், துள்ளலில் பள்ளம் இன்னும் ஆழமாகும். அதனால்தான் கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் சத்தம் திடீரென்று கூடிவிட்டது போலத் தோன்றியது.

என் வண்டியில் கோன் செட், காற்று, ஃபோர்க் ஆயில் மூன்றுமே கூட்டுச் சேர்ந்திருந்தன. ஆயிலை வடித்தபோது அது சாம்பல் நிறத்தில், தண்ணீர் மாதிரி வந்தது.

பின் டயர் வேறு மாதிரித் தேய்ந்திருந்தது. அதில் ரம்பம் எதுவும் இல்லை. நடுவில் மட்டும் பட்டையாக, தரையில் வைத்து இழைத்தது போல் தட்டையாகிவிட்டது. அளந்தால் நடுவில் 1.9 மி.மீ., இடது ஓரத்தில் 4.6, வலது ஓரத்தில் 4.1. தினமும் போக 38, வர 38 கி.மீ. ஓட்டுகிறேன். பெரும்பகுதி நேர்கோடு. நேராகப் போகும்போது நடுப்பட்டை மட்டும்தான் சாலையைத் தொடுகிறது. வண்டியின் எடையோடு என்ஜினின் இழுவையையும் தாங்குவது பின் சக்கரம்தான். நடு தேயாமல் என்ன செய்யும்?

ஆனால் அது ஓட்டத்தை எவ்வளவு கெடுக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. மோட்டார் சைக்கிள் டயர் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டியைச் சாய்க்கும்போது தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு விட்டுப்போகாமல் நகர வேண்டும். நடு தட்டையாகிவிட்டால் தட்டையும் ஓரமும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகிறது. வளைவில் சாய்க்கத் தொடங்கினால் வண்டி முதலில் மறுக்கும், கொஞ்சம் அழுத்தினால் அந்த விளிம்பைத் தாண்டிச் சட்டென்று விழும். வீட்டுப் படியில் ஒரு படியைக் கவனிக்காமல் காலை வைத்தால் வயிற்றில் ஒரு பகீர் வருமே, அதேதான். ஒரு வருடமாக வளைவுகளில் எனக்கு அந்தப் பகீர் இருந்தது. நம் தைரியம்தான் குறைந்துவிட்டது போல என்று நினைத்து, வளைவு வந்தாலே இன்னும் மெதுவாக, இன்னும் நிமிர்ந்து ஓட்டப் பழகியிருந்தேன். நிமிர்ந்து ஓட்டினால் நடு இன்னும் தேயும்.

வலது ஓரம் இடதைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்ததும், சட்டகம் வளைந்துவிட்டதா, சக்கரம் கோணலா என்று பயந்தேன். சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் எல்லா நாடுகளிலும் பெரும்பாலான டயர்கள் வலது பக்கம் கொஞ்சம் அதிகம் தேயும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது பக்கம். காரணம் எளிது. இடப்பக்கம் ஓட்டுகிறவருக்கு வலது வளைவு என்பது வெளிவட்டம், தூரம் கூடுதல். சந்திப்பில் இடது திரும்புவது சின்ன வளைவு, மெதுவாகப் போவோம். வலது திரும்புவது பெரிய வட்டம், வேகமாகவும் போவோம். போதாததற்கு மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நிமிர்ந்து போகும் வண்டிக்குச் சாலையின் மேடு வலப்பக்கம் இருப்பதால், டயரும் நடுவுக்குச் சற்று வலதில்தான் தொடுகிறது. சரிவு சின்னதுதான், வளைவுகளின் பங்குதான் பெரியது என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும் அரை மில்லிமீட்டருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மொட்டையாகி மறுபக்கம் புதுசாகவே இருந்தால்தான் சட்டகத்தையும் சக்கரத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

ஆனாலும் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால் போதும் என்றுதான் இத்தனை நாள் செயினை இறுக்கி வந்தேன். தம்பி டேப்பை எடுத்து, ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தார். 2 மி.மீ. வித்தியாசம். அந்தக் கோடுகளை இனி முழுதாக நம்ப மாட்டேன்.

வண்டியைச் சரிசெய்த பிறகுதான் டயர் பேச்சையே எடுத்தோம். நான் வரிசையை மாற்றிக்கொண்டது இதில்தான்.

பழைய டயரின் பக்கச்சுவரில் இருந்த எழுத்துகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முன்னால் 110/70 ஆர் 17, 54 எச். பின்னால் 150/60 ஆர் 17, 66 எச். 110 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது உயரம், அகலத்தில் 70 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 54 என்ற எண் 212 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, 66 என்றால் 300 கிலோ. எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. எடை எண்ணிலும் வேக எழுத்திலும் கையேடு சொல்வதற்குக் கீழே போகவே கூடாது. நான் அந்த வேகத்தில் போக மாட்டேனே என்று வேக எழுத்தைக் குறைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. இரண்டு பேர், பை நிறையச் சாமான், சுட்டெரிக்கும் சாலை, மணிக்கணக்கில் ஓட்டம் என்றால் சூடு எங்கே போகும்?

பின்னால் 160 போடலாமா என்று எனக்கும் ஆசை இருந்தது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் ரிம் அதே அகலம்தான். அகல டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி கூராகிவிடும். வடிவமைத்தவர் நினைத்த வளைவு போய், சாயும் குணமே மாறிவிடும். செயினுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் குறையும். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ரேடியலா, சாதாரண பயாஸ் டயரா என்ற கேள்வி என் வண்டிக்கு இல்லை. வண்டியோடு வந்தது ரேடியல், அதையே போட்டேன். ரேடியலில் உள்ளே இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடும், மேலே ஒரு பட்டை சுற்றியிருக்கும். பயாஸில் இழைகள் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும். மிஷ்லான் நிறுவனம் 1946-இல் காருக்கான ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது, மோட்டார் சைக்கிளுக்கு அது வந்து சேர 1980-கள் ஆயின. முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்று சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. கையேடு சொல்லாமல் நாமாக இரண்டையும் கலப்பது தவறு, அதிலும் முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று மாட்டவே கூடாது.

எந்த ரகம் என்பதில்தான் நேரம் எடுத்தேன். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நீண்ட நாள் வரும், ஈரத்தில் பிடி குறையும். இதை என் பழைய பின் டயரோடு வைத்துப் பார்த்தபோது பதில் கிடைத்துவிட்டது. அது ஓரத்தில் அதிகம் தேயவில்லை, நடுவில்தான் செத்தது. எனவே நடுவில் கடினமாகவும் ஓரங்களில் மென்மையாகவும் இரண்டு ரப்பர் வைத்துச் செய்த, நீண்ட தூர ஓட்டத்துக்கான டூரிங் டயர்தான் எனக்கானது. பந்தயச் சாயலில் வரும் மென்மையான டயரை வாங்கியிருந்தால் நேர்கோட்டிலேயே கரைத்திருப்பேன். அது சூடேறினால்தான் முழுப் பிடியையும் தரும், காலையில் அலுவலகம் போகும் என் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறவும் போவதில்லை. ரப்பரில் சிலிகா கலந்திருந்தால் ஈரச் சாலையில் பிடி நன்றாக இருக்கும். மழைக் காலத்திலும் ஓட்டுகிறேன், அதனால் அதையும் கேட்டு வாங்கினேன். நண்பர் ஒருவர் தன் டயர் 20,000 கி.மீ. வந்தது என்று அதையே வாங்கச் சொன்னார். அவர் எடை வேறு, சாலை வேறு, பிரேக் பிடிக்கும் விதம் வேறு. அவர் டயர் அவர் ஓட்டத்துக்குத் தேய்ந்தது. இந்த விஷயத்தில் என் பழைய டயர் சொன்னதைத்தான் கேட்டேன்.

முன் டயர் 4,200 கி.மீ. மட்டுமே ஓடியது, பின்னால் மட்டும் மாற்றினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ரம்பம் தானாகச் சரியாகாது. இரண்டையும் ஒரே ரகத்தில், ஜோடியாக மாற்றினேன். முன் பின் டயர்களின் வளைவு ஒன்றுக்கொன்று பொருந்தும்படிதான் அவற்றைச் செய்கிறார்கள்.

டயர் கடையில் முதலில் எடுத்து வந்த பின் டயரைத் திருப்பிப் பார்த்தேன். பக்கச்சுவரில் டாட் என்ற குறியீட்டு வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 3121 என்றிருந்தது, அதாவது 2021-இன் 31-ஆவது வாரம். பளபளப்பாக இருந்தாலும் ரப்பருக்கு வயது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் டிரெட் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். புதியதாக எடுத்து வாருங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் எடுத்து வந்தார்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். அம்புக்குறி உருளும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். முன்னால் பிரேக்கின் விசையும் பின்னால் இழுவையும் எதிரெதிராக இருப்பதால் அந்தத் திசை முக்கியம். வால்வையும் புதிதாக மாற்றச் சொன்னேன். டயரின் மஞ்சள் புள்ளி அதன் எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வந்தது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றை ஏற்றினார்கள். 'டப்' என்று ஒரு பக்கம், சில நொடி கழித்து 'டப்' என்று மறுபக்கம், ரிம்மில் உட்கார்ந்தது. அப்புறம் ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டை விரலால் பின்தொடர்ந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளி இருந்தால்தான் டயர் முழுதாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன் சக்கரத்துக்கு 15 கிராம் எடை ஒட்டி பேலன்ஸ் செய்தார்கள். முன்பு மாற்றியபோது அதைச் செய்யவே இல்லை.

முதல் 150 கி.மீ. நிதானமாக ஓட்டினேன். புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும், அது உரிந்து போகும் வரை சட்டென்று பிரேக் பிடிப்பதும் அதிகம் சாய்ப்பதும் ஆபத்து. அதற்குப் பிறகு ஒரு நாள், வழக்கமாக நான் பயந்து கடக்கும் அந்த நீண்ட வலது வளைவில் வண்டி எந்த மறுப்பும் இல்லாமல் சாய்ந்தது. நான் நினைத்த அளவுக்குச் சாய்ந்து, நினைத்த இடத்தில் நின்றது. வளைவு முடிந்த பிறகு ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போயிருந்தது என் தைரியம் என்றுதானே நினைத்திருந்தேன்.

காற்றைப் பார்க்கச் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வெளிச்சூடு 10 டிகிரி மாறினாலே ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறிவிடும். மகள் பின்னால் உட்காரும் நாளில் பின் டயருக்குக் கையேட்டில் தனி எண் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று 5,000 கி.மீ. ஆனது. முன் டயரில் ஒரே கட்டையின் இரண்டு முனைகளையும் அளந்தேன். 3.7, 3.6. பின்னால் நடுவில் 5.2, இடது ஓரம் 6.1, வலது ஓரம் 5.9. மகளைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள்.